காசாவுக்காகக் குரல் கொடுக்கும் தமிழ்த் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே, நண்பர்களே,

சென்னையிலும் லண்டனிலும் டொராண்டோவிலும் காசாவுக்காகப் பதாகை ஏந்தி நிற்பவர்கள், அங்கிருந்து வரும் செய்திகளை விடாமல் தமிழில் எழுதிப் போடுகிறவர்கள், கூட்டங்களை ஏற்பாடு செய்யும் அமைப்புகளின் பொறுப்பாளர்கள் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நானும் உங்கள் பக்கம் நிற்கிறவன். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். காசாவில் கொல்லப்பட்டவர்களைப் பற்றிய நம் பேச்சுக்குள் யூத வெறுப்பு புகுந்துவிட்டது. அதை வெளியே தள்ள வேண்டிய வேலை நம்முடையது. வேறு யாரும் நமக்காக அதைச் செய்யப்போவதில்லை.

எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். காசாவில் ஒரு பள்ளிக்கூடம் தாக்கப்பட்ட செய்தியைப் போட்டால், கீழே யாரோ ஒருவர் ஹிட்லர் படத்தைக் கொண்டுவந்து ஒட்டுகிறார். "சில யூதர்களை மட்டும் விட்டுவைத்தேன், மற்றவர்களை ஏன் கொன்றேன் என்று உலகம் தெரிந்துகொள்ளட்டும்" என்று அவன் சொன்னதாக அதில் எழுதியிருக்கும். ஹிட்லர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. யாரோ கட்டிவிட்ட பொய். ஆனால் பொய் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அதற்கு விழும் லைக்குகள்தான். நாஜிகள் கொன்றது சுமார் 60 லட்சம் யூதர்களை. அவர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். கொல்லப்பட்ட காசா குழந்தைகளுக்காக அழுகிற ஒருவர், கொல்லப்பட்ட அந்தக் குழந்தைகளைப் பார்த்து "சரியாகத்தான் செய்தான்" என்று எப்படிச் சொல்ல முடியும்? நம்மில் பலர் அதை நீக்குவதும் இல்லை, கண்டிப்பதும் இல்லை. கோபத்தில் இருக்கிறார்கள், விடு என்று கடந்துபோகிறோம்.

காசாவைப் பற்றிக் குரலைத் தாழ்த்தச் சொல்லவில்லை. எப்படித் தாழ்த்த முடியும்? இஸ்ரேலின் தாக்குதலில் இறந்தவர் எண்ணிக்கை 2025 இறுதிக்குள் 70,000ஐத் தாண்டிவிட்டது என்கிறது காசா சுகாதார அமைச்சகம். இடிபாடுகளுக்குள் இன்னும் கிடப்பவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. 2025 மார்ச் தொடக்கத்திலிருந்து இரண்டரை மாதங்களுக்கு மேல் உணவும் மருந்தும் உள்ளே போகவிடாமல் இஸ்ரேல் தடுத்தது. ஆகஸ்ட் 22ஆம் தேதி, காசா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக ஐ.நா. ஆதரவு பெற்ற ஐ.பி.சி. உணவுப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. அக்டோபர் 10இல் போர்நிறுத்தம் வந்தது. அதற்குப் பிறகும் சாவுகள் நிற்கவில்லை.

ஹிந்த் ரஜப் என்ற ஐந்து வயதுச் சிறுமியை உங்களுக்கு நினைவிருக்கும். 2024 ஜனவரி 29. காசா நகரிலிருந்து தப்பிக்க உறவினர்களோடு காரில் போகும்போது சுடப்பட்டார்கள். எல்லோரும் இறந்துகிடக்க, அந்தக் குழந்தை மட்டும் செம்பிறைச் சங்கத்துக்காரர்களோடு மணிக்கணக்கில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். வந்து கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினாள். செம்பிறைச் சங்கம் அனுமதி வாங்கி ஆம்புலன்ஸை அனுப்பியது. 12 நாள் கழித்து அங்கே போக முடிந்தபோது அவளும் இறந்துகிடந்தாள். காப்பாற்றப் போன இரண்டு பேரும் சற்றுத் தள்ளி, நொறுங்கிய ஆம்புலன்ஸிலேயே இறந்திருந்தார்கள்.

2025 மார்ச் 23இல் ரஃபாவில் நடந்ததையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் ஊழியர்கள், மீட்புப் பணியாளர்கள், ஒரு ஐ.நா. ஊழியர் என 15 பேரைச் சுட்டுக் கொன்று, வாகனங்களோடு மணலில் புதைத்தார்கள். விளக்கு எரியாமல் சந்தேகப்படும்படி வண்டிகள் வந்தன என்று இஸ்ரேல் ராணுவம் முதலில் சொன்னது. இறந்த ஊழியர் ஒருவரின் செல்போனில் கடைசி நிமிடங்களின் வீடியோ இருந்தது. அதில் ஆம்புலன்ஸ் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. ராணுவம் தன் வாக்குமூலத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு ராணுவத்தைத் தன் பொய்யிலிருந்து பின்வாங்கவைத்தது அந்தச் சாட்சியம். நம் பக்கத்தில் இருக்கும் பலம் இதுதான்: தேதி, இடம், பெயர், படம். ஹிட்லர் மீம் ஒன்று போடும்போது இந்தப் பலத்தைத்தான் நாம் தூக்கி எறிகிறோம்.

இந்தச் சாட்சியங்களில் எத்தனையை யூதர்களே வெளியே கொண்டுவந்தார்கள் என்பதை நாம் போதுமான அளவு சொன்னதே இல்லை. கீழ்நிலை ஹமாஸ் ஆள் ஒருவரைக் கொல்ல 15, 20 பொதுமக்கள் செத்தாலும் பரவாயில்லை என்று போரின் தொடக்க வாரங்களில் ராணுவம் அனுமதித்திருந்ததை 2024 ஏப்ரலில் அம்பலப்படுத்தியவர் யுவல் ஆப்ரகாம் என்ற இஸ்ரேலியப் பத்திரிகையாளர். உணவு வாங்கக் கூடியவர்களைச் சுடச் சொல்லி உத்தரவு வந்ததாகச் சிப்பாய்களே சொன்னதை வெளியிட்டது ஹாரெட்ஸ், ஓர் இஸ்ரேலிய நாளிதழ். நடப்பது இனப்படுகொலை என்று 2025 ஜூலையில் அறிவித்தது பெத்சேலம், இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை 2023 அக்டோபரில் முடக்கி, நூற்றுக்கணக்கில் கைதானவர்கள் "எங்கள் பெயரால் வேண்டாம்" என்று சொன்ன யூதர்கள். ஏன், இனப்படுகொலையைக் குற்றமாக்கும் ஒப்பந்தம் 1948இல் ஐ.நா.வில் நிறைவேறப் போராடியவரே ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூதர்தானே. தன் குடும்பத்தில் பெரும்பாலானோரை நாஜிகளிடம் பறிகொடுத்தவர் அவர். அவர் உழைப்பில் வந்த சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது.

அப்படியிருக்க "யூதன் புத்தியே இப்படித்தான்" என்று ஒருவர் எழுதினால், அவர் பேசுவது யாரை?

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். 2023 அக்டோபர் 7ஆம் தேதி ஹமாஸ் தாக்கிய சில நாட்களில் இஸ்ரேல் அதிபர் ஐசக் ஹெர்சோக் பத்திரிகையாளர்களிடம் பேசும்போது, அதற்குக் காசாவில் இருக்கும் ஒரு முழு தேசமே பொறுப்பு என்றார். பொதுமக்களுக்குத் தெரியாது, சம்பந்தமில்லை என்பதெல்லாம் உண்மையில்லை என்றார். அதற்கு முன்பே, அக்டோபர் 9ஆம் தேதி, பாதுகாப்பு அமைச்சர் காலன்ட், மின்சாரம் கிடையாது, உணவு கிடையாது, எரிபொருள் கிடையாது என்று அறிவித்து, நாம் மனித மிருகங்களோடு சண்டையிடுகிறோம் என்றார். காசாவில் பிறகு நடந்தவை அத்தனைக்கும் இந்த நினைப்பு வழிவிட்டது. சிலர் செய்ததற்கு எல்லோரும் பொறுப்பு, ஆகவே எல்லோர் மீதும் குண்டு போடலாம். யூதர்கள் எல்லோரும் பொறுப்பு என்று நம் பக்கத்தில் ஒருவர் எழுதும்போது, ஹெர்சோக்கின் வாக்கியத்தில் ஆட்களின் பெயரை மட்டும் மாற்றிச் சொல்கிறார். எந்த நியாயத்தை நாம் காசாவில் எதிர்க்கிறோமோ அதையே நாம் கையில் எடுத்துக்கொள்கிறோம்.

அக்டோபர் 7ஐப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் கூட்டங்களில் அந்த நாள் "எதிர்வினை" என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது. ஹமாஸும் அதோடு சேர்ந்த குழுக்களும் அன்று சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள், 251 பேரைப் பிடித்துப்போனார்கள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பொதுமக்கள். இசைவிழாவுக்கு வந்த இளைஞர்கள், விவசாயக் குடியிருப்புகளில் தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள், வேளாண்மை படிக்க வந்திருந்த 10 நேபாள மாணவர்கள், தாய்லாந்துத் தொழிலாளர்கள். பெயேரி குடியிருப்பில் கொல்லப்பட்ட விவியன் சில்வருக்கு 74 வயது. யூதப் பெண்களும் அரபுப் பெண்களும் சேர்ந்து சமாதானம் கேட்கும் இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். நிர் ஓஸ் குடியிருப்பிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட ஓடெட் லிஃப்ஷிட்ஸுக்கு 83 வயது. காசாவிலிருந்து வரும் நோயாளிகளைத் தன் காரில் இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்கு ஏற்றிப்போன பத்திரிகையாளர். 2025 பிப்ரவரியில் அவருடைய உடல்தான் திரும்பியது. "இஸ்ரேலில் எல்லோரும் ராணுவத்தில் இருந்தவர்கள்தானே, அப்பாவி என்று அங்கே யார் இருக்கிறார்?" என்று கேட்கிற நண்பரே, ஹெர்சோக் கேட்டதும் இதே கேள்விதான். 1967இலிருந்து தொடரும் ஆக்கிரமிப்பையும், 2007இலிருந்து காசாவைச் சுற்றியிருக்கும் முற்றுகையையும் விளக்கிச் சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். அந்த விளக்கம் விவியன் சில்வரைக் கொன்றதற்கு நியாயம் ஆகாது. அக்டோபர் 7இல் நடந்தது ஹிந்தைக் கொன்றதற்கு எப்படி நியாயம் ஆகாதோ அப்படித்தான்.

பிரிட்டனில் யூதர்கள் மீதான வெறுப்புச் சம்பவங்களைப் பதிவு செய்யும் சமூகப் பாதுகாப்பு அறக்கட்டளை, 2022இல் பதிவு செய்தவை சுமார் 1,660. 2023இல் அது 4,000ஐத் தாண்டியது. எண்ணிக்கை ஏறத் தொடங்கியது அக்டோபர் 7ஆம் தேதியே. இஸ்ரேலின் தரைப்படை காசாவுக்குள் நுழைவதற்கு வெகு முன்பே. அதாவது காசா மீதான துயரத்தால் மட்டும் இது வரவில்லை. முன்னாலேயே இருந்த ஒன்று சந்தர்ப்பம் பார்த்து எழுந்தது. 2025 அக்டோபர் 2, யூதர்களின் மிகப் புனிதமான யோம் கிப்பூர் நாளில், மான்செஸ்டரில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்தின் வாசலில் ஒருவன் காரை ஏற்றி, கத்தியால் குத்தினான். இரண்டு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர், உள்ளே வரவிடாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் குண்டு பட்டு இறந்தவர். டிசம்பர் 14 அன்று சிட்னி போண்டை கடற்கரையில் ஹனுக்கா என்ற யூத விழாவுக்குக் கூடியிருந்தவர்களைத் தந்தையும் மகனுமாக இரண்டு பேர் சுட்டார்கள். 15 பேர் இறந்தார்கள். நாஜிகளிடமிருந்து தப்பிப் பிழைத்த ஒரு முதியவர், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. அன்று வெறுங்கையோடு பாய்ந்து ஒருவனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கியவர் சிரியாவில் பிறந்த அகமது அல் அகமது. அவருக்கும் குண்டடி பட்டது. அவர் பெயரை நம் கூட்டங்களில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எதிர்ப்பக்கத்து வெறுப்பும் கொன்றிருக்கிறது. 2023 அக்டோபர் 14, அமெரிக்காவின் இல்லினாய்ஸில் வாடியா அல் ஃபயூமே என்ற ஆறு வயது பாலஸ்தீன அமெரிக்கச் சிறுவனை, வீட்டுச் சொந்தக்காரரே குத்திக் கொன்றார்.

"நம் ஊரில் யூதர்களே இல்லை, நாம் எதை எழுதினால் யாருக்கு என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லாமல் என்ன. சென்னை ஜார்ஜ் டவுனில் இன்றும் பவளக்காரத் தெரு இருக்கிறது. பவளம் கொண்டுவந்து வைரம் வாங்கிப்போன யூத வணிகர்கள் வாழ்ந்த தெரு அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு உரிமைகள் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது, கொச்சியில். ஆட்கள் குறைவு என்பது பாதுகாப்பும் அல்ல. 2008 நவம்பரில் மும்பைக்கு வந்தவர்கள், அவ்வளவு பெரிய நகரத்தில் யூதர்கள் நடத்திய ஒரு சிறிய விடுதியைத் தேடிப் போய் ஆறு பேரைக் கொன்றார்கள். போண்டையில் சுட்ட தந்தை ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். நாம் எழுதும் வார்த்தைகளும் ஊர் தாண்டித்தான் போகின்றன.

ஈழத்திலிருந்து வந்த தோழர்களுக்குத் தனியாகச் சில வரிகள். உங்களுக்கு இஸ்ரேல் மீது இருக்கும் கோபம் தொலைக்காட்சியில் பார்த்து வந்ததல்ல. கிபிர் என்றால் வன்னியில் குழந்தைக்கும் தெரியும். 1996இல் இலங்கை விமானப்படை இஸ்ரேலிடம் வாங்கிய விமானம். 2006 ஆகஸ்டில் செஞ்சோலை வளாகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளைக் கொன்ற குண்டுவீச்சு உங்களுக்கு வரலாறு அல்ல, வீட்டுத் துக்கம். பாதுகாப்பு வலயம் என்று சொல்லி வரவழைத்து அங்கேயே எறிகணை அடித்ததை 2009இல் பார்த்தவர்கள் நீங்கள். மருத்துவமனை தாக்கப்படும்போது உலகம் எப்படி வேறுபக்கம் பார்க்கும் என்பதும் தெரியும். ஆகவே காசாவைப் பற்றிப் பேச உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் 1983 ஜூலையும் உங்களுடையதுதான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டதற்குக் கொழும்பில் கடை வைத்திருந்தவரும், அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வீடு தமிழருடையது என்று பார்த்துக் கொளுத்தினார்கள். மான்செஸ்டரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற யூதருக்கும் கிபிருக்கும் என்ன தொடர்போ, அதே தொடர்புதான் அந்தக் கொழும்புக் கடைக்காரருக்கும் திருநெல்வேலித் தாக்குதலுக்கும் இருந்தது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரையும் புலிகள் வெளியேற்றியபோது, அந்த மக்களும் இதே கணக்கில்தான் மாட்டினார்கள். இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று நம்மைவிடத் தெரிந்தவர்கள் குறைவு.

வெறுப்பு மட்டுமல்ல, சதிக்கதைகளும் நம்மிடம் நிறைய. இலுமினாட்டி, உலக வங்கிகள் எல்லாம் யூதர் கையில், ஊடகம் யூதர் கையில் என்று தமிழில் ஓடும் வீடியோக்களுக்குப் பார்வையாளர் லட்சக்கணக்கில். இந்தக் கதைகளில் பலவற்றுக்கு ஊற்று, யூதர்கள் உலகை ஆளத் திட்டமிடுவதாகச் சொல்லி 1903இல் ரஷ்யாவில் வெளியான ஒரு போலி ஆவணம். அது வேறு நூலிலிருந்து திருடி எழுதப்பட்டது என்று 1921இலேயே லண்டன் டைம்ஸ் நிரூபித்துவிட்டது. இந்தப் பேச்சு நமக்கு எவ்வளவு விலை வைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். பாலஸ்தீனப் பகுதிகளை விசாரிக்கும் ஐ.நா. ஆணையத்தின் தலைவராக இருந்தவர் நவி பிள்ளை. டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர், ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த நீதிபதி. அந்த ஆணையத்தில் அப்போது இன்னொரு உறுப்பினராக இருந்தவர் இந்தியரான மிலூன் கோத்தாரி. 2022இல் ஒரு பேட்டியில், சமூக ஊடகங்கள் பெருமளவு யூத லாபியின் கட்டுப்பாட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் மன்னிப்புக் கேட்டார். பயன் என்ன? காசாவில் இஸ்ரேல் செய்வது இனப்படுகொலை என்று 2025 செப்டம்பரில் அதே ஆணையம் முடிவு சொன்னபோது, ஆதாரங்களுக்குப் பதில் சொல்லாமல் "இவர்கள் யூத வெறுப்பாளர்கள்" என்று ஒதுக்கிவிட இஸ்ரேலுக்கு வசதியாக இருந்தது. நவி பிள்ளையும் மற்றவர்களும் வருடக்கணக்கில் சேர்த்த சாட்சியத்தின் மேல் ஒரே ஒரு சொற்றொடர் அழுக்கைப் பூசியது.

நெதன்யாகு அரசு இந்தக் குற்றச்சாட்டைக் கேடயமாகத் தூக்குவதும் உண்மைதான். 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகு மீது கைது வாரன்ட் பிறப்பித்ததும், யூதர் என்பதால் பிரான்ஸில் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட ராணுவ அதிகாரியை நினைவூட்டி, அவர் அதை நவீன டிரெய்ஃபஸ் வழக்கு என்றார், நீதிமன்றத்துக்கே யூத வெறுப்பு என்றார். பாலஸ்தீனத்தை அங்கீகரிக்கப் போவதாகப் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் சொன்னபோது, இது யூத வெறுப்பைத் தூண்டுகிறது என்று கடிதம் எழுதினார். அமெரிக்காவில் மாணவர்களைப் பிடித்து உள்ளே வைக்க இதே வார்த்தை பயன்பட்டது. யூத வெறுப்பை வரையறுக்க உதவிய கென்னத் ஸ்டெர்ன் என்ற யூத வழக்கறிஞரே, மாணவர்களின் வாயை அடைக்க நான் இதை எழுதவில்லை என்று பல முறை சொல்லிவிட்டார். பொய்யாகக் குற்றம் சாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அந்த வெறுப்பே பொய்யாகிவிடாது. நம் கூட்டத்தில் அது இல்லாதபோதுதான் பொய்க் குற்றச்சாட்டை முகத்துக்கு நேராக மறுக்க முடியும்.

கோபத்துக்குச் சரியான முகவரிகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. 2023 அக்டோபர் 27இல் போரை நிறுத்தச் சொன்ன ஐ.நா. தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அந்த டிசம்பரில் ஆதரித்தது. 2025 ஜூன் 12இல் 149 நாடுகள் போர்நிறுத்தம் கேட்டபோது மறுபடியும் ஒதுங்கியது. ஹைதராபாத்தில் அதானி குழுமமும் இஸ்ரேலின் எல்பிட் ஆயுத நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஆலையில் ட்ரோன்கள் தயாராகின்றன. இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதைத் தடுக்கக் கேட்ட மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காசாவில் பஞ்சம் அறிவிக்கப்பட்டு மூன்று வாரம்கூட ஆகாத 2025 செப்டம்பர் 8இல், இஸ்ரேல் நிதியமைச்சர் ஸ்மோட்ரிச் டெல்லிக்கு வந்து நம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனோடு முதலீட்டு ஒப்பந்தம் போட்டார். இதைப் பற்றி உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேட்டீர்களா? நாடாளுமன்றத்தில் கேட்கவைத்தீர்களா? இவையெல்லாம் பெயரும் பதவியும் கையெழுத்தும் உள்ள ஆட்கள் எடுத்த முடிவுகள்.

பொறுப்பாளர்களிடம் கடைசியாக, மிகச் சாதாரணமான சில வேண்டுகோள்கள். பதாகைகளில் "யூதர்" என்று எழுதியிருந்தால் அதை மடக்கி வைக்கச் சொல்லிவிட்டு, நெதன்யாகு என்றோ இஸ்ரேல் ராணுவம் என்றோ, செய்தவரின் பெயரை எழுதுங்கள். ஹிட்லர் படத்தோடு வருபவரைக் கூட்டத்திலிருந்து அனுப்புங்கள், ஆள் குறைந்தாலும் பரவாயில்லை. இணையப் பக்கம் நடத்துகிறவர்கள் அந்த மீமை நீக்கினால் மட்டும் போதாது, ஏன் நீக்கினோம் என்று கீழே எழுதுங்கள். 2012இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் ஒரு யூதப் பள்ளியின் வாசலில் மூன்று குழந்தைகளையும் ஓர் ஆசிரியரையும் சுட்டவன், பாலஸ்தீனக் குழந்தைகளுக்காகப் பழிவாங்கினேன் என்றான். அன்று பாலஸ்தீனப் பிரதமராக இருந்த சலாம் ஃபயாத், பாலஸ்தீனத்தின் பெயரால் தங்கள் பயங்கரவாதத்தை விற்பதைக் குற்றவாளிகள் நிறுத்த வேண்டும் என்று உடனே அறிக்கை விட்டார். மான்செஸ்டருக்கும் போண்டைக்கும் அப்படி ஓர் அறிக்கை தமிழில் நம் எத்தனை அமைப்புகளிடமிருந்து வந்தது? வராதவர்கள் இப்போதாவது எழுதுங்கள். காலம் கடந்தாலும் பரவாயில்லை. அந்த அறிக்கையையும் காசாவுக்கான அடுத்த ஆர்ப்பாட்ட அழைப்பையும் ஒரே தாளில் அச்சிட்டு, கூட்டத்தில் எல்லோர் கையிலும் கொடுங்கள்.

தோழமையுடன்,
உங்களில் ஒருவன்